நீர்மாலைத் தண்ணீர்

மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது.

அவள் ஏணியில் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் பாசிதான். மோட்டார் காலையிலிருந்தே வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.

தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவளுடையது. போர் போட்ட அன்று, மகளிர் குழு சார்பில் மைக்கைப் பிடித்து, “இது நம்ம தண்ணி, வத்தாது” என்று சொன்னவளும் அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எண்பது தாண்டிச் செத்துப்போன ஒச்சம்மாளைக் குளிப்பாட்ட, மகன்கள் நீர்மாலை எடுக்க வருகிறார்கள். தலைக்கு மேல் வெள்ளை வேட்டி பிடித்து, கையில் பித்தளைச் சொம்புகளோடு.

வீட்டுத் தண்ணீர் இதற்கு ஆகாது. ஊர்த் தண்ணீராக இருக்க வேண்டும். கண்மாய் வறண்டு, கிணற்றையும் மூடிய பிறகு, இந்தப் பிளாஸ்டிக் தொட்டியை நீர்நிலை என்று ஊர் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம்.

எடுக்க வந்தவர்கள் வெறுஞ்சொம்போடு திரும்பக் கூடாது. திரும்பினால் அந்தப் பொல்லாப்பு ஆயுசுக்கும் அவள் பேரில்தான் நிற்கும்.

தொட்டிக்குப் பின்னால்தான் அவள் வீடு. இரண்டு குடம் குடிதண்ணீர் இருந்தது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஓடினாள்.

ஒன்றைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினாள். பிறகு இன்னொன்றையும்.

குடங்களை வீட்டுக்குள் போட்டுவிட்டு வரும்போது கூட்டம் வந்து நின்றது.

குழாயைத் திறந்தாள். வந்தது. கொஞ்சம் கலங்கல், ஆனாலும் வந்தது. மூத்தவன் காசிமாயன் சொம்பு நிறைந்ததும் குழாயைப் பார்த்துக் கும்பிட்டான். தம்பிகளும் பிடித்தார்கள். மேளம் திரும்பியது.

அப்பாடா என்று இருந்தது.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல்.

“ஏய், தண்ணி வந்திருச்சு.”

கதவுகள் திறந்தன. குடங்கள் வந்தன. வரிசை வளர்ந்து இழவு வீட்டுப் பந்தல் வரை போனது.

வரிசையில் அவள் புருஷனும் நின்றான். ஒருநாளும் குடத்தைத் தொடாத மனுஷன். வீட்டில் இரண்டும் காலியாகக் கிடந்ததைப் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறான்.

எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பந்தலில் ஒச்சம்மாளை இன்னும் குளிப்பாட்டி முடிக்கவில்லை.

அழுகைதான் வந்தது.

முதலில் நின்றவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாத மதினி. கல்யாணச் சாவுதான. நீ குழாயைத் திற.”