கணுக்கால் பிடி

வெள்ளைச்சாமியின் பிட்டத்தில் விழும் ஒவ்வொரு உதைக்கும் பிற்பாடு ஒரு குசுச் சத்தம் சேர்ப்பார்கள். அந்தத் தொலைக்காட்சித் தொடரின் நகைச்சுவையே அதுதான். ஒரு காலத்தில் மாநிலக் கபடி அணியில் கணுக்கால் பிடிக்குப் பேர்போனவர், இப்போது தொப்பை பிதுங்கும் பனியனோடு மண்ணில் குப்புறக் கிடப்பார். காமெடியன் ரிக்கி “கபடி, கபடி” என்று பாடிவந்து உதைப்பான்.

ஏழாவது டேக்கில் அவர் தலையைத் தூக்க, உதை குறி தவறி வாயில் விழுந்தது. முன்பற்கள் இரண்டு மண்ணில் தெறித்தன. இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சூப்பர்ண்ணே! ரிக்கி, அதே மாதிரி இன்னொண்ணு!”

ரிக்கி மறுபடி பாடிவந்தான். வெள்ளைச்சாமியின் கை அவரைக் கேட்காமலே நீண்டு அவன் கணுக்காலைக் கவ்வியது. பாடி வருகிறவனுக்கு மூச்சு நிற்கும்வரை பிடியை விடக் கூடாதென்று இருபது வருடம் பழகிய கை அது. மளுக்கென்று எலும்பு முறிந்தது. ரிக்கி அலறி விழுந்தான். அவர் அவன்மேல் ஏறி முழங்கையால் கழுத்தை அமுக்கினார்.

“கட்! கட்! விடுங்கண்ணே, செத்துறப் போறான்!” என்று இயக்குநர் கத்தினார்.

“எப்பிடிய்யா விடுறது?” என்றார் வெள்ளைச்சாமி, வாயில் ரத்தம் வழிய. “இவனுக்கு இன்னும் மூச்சு நிக்கலையே.”