வெர்னாவின் முதல் ரிவால்வர்

“மறுபடியும் பூட்டிக்கிச்சு, ஆர்லோ” என்றபடி வெர்னா ரிவால்வரைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள்.

துப்பாக்கிக் கடைக்காரர் ஆர்லோ அதை எடுத்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விசையை இழுத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த கோதுமை விவசாயி கெர்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“எத்தனை தடவ சொல்றது?” என்றார் ஆர்லோ. “குழலை மாத்தும்போது, குழலுக்கும் தோட்டா உருளைக்கும் நடுவுல இந்த கேஜ் தகட்டை வெச்சுத் திருகணும். அப்புறம் தகட்டை உருவிட்டா மயிரிழை சந்து நிக்கும். நீ தகடே வெக்காம இறுக்கிடற. குழல் உருளைய முட்டிக்கிட்டு நிக்குது. உருளை சுத்தலன்னா விசை எப்படி வரும்?”

“மறந்து போச்சு.”

“இதையேதான் போன வாரமும் சொன்ன!”

“ஒரே குழலோட ஒண்ண வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றார் கெர்ட். “கழட்டி மாட்டற வேலையெல்லாம் உனக்கெதுக்கு வெர்னா?”

“உங்க டிராக்டருக்கு நாலு கலப்பை இருக்கு. என் துப்பாக்கிக்கு ரெண்டு குழல் இருந்தா மொன்டானா மாநிலமே கவுந்துடுமா?”

ஆர்லோ ஸ்பேனரைப் போட்டுக் குழலைத் தளர்த்தினார். உள்ளே மரைகளில் எண்ணெய் அளவாகப் போட்டிருந்தது. கரி ஒரு பொட்டு இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பராமரிக்கிறவளுக்கு ஒரு தகடு வைக்க மட்டும் ஏன் ஞாபகம் வருவதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “டுவைட் ஜெயில்லேர்ந்து வந்துட்டான், தெரியுமில்ல?”

“தெரியும்.”

“மதுக்கடையில உக்காந்துக்கிட்டு சவால் விடறானாம். ‘அவ துப்பாக்கி வாங்கினா எனக்கென்ன? ஒரே பிடியில பிடுங்கிடுவேன். அந்த வீட்டுல நான்தான் இருப்பேன்’னு. அவன் மட்டுமில்ல, ஊரே அதத்தான் சொல்லுது. பேசாம பில்லிங்ஸ்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிடேன்.”

“எங்கம்மா எனக்கு எழுதி வெச்ச வீடு அது. விவாகரத்து பண்ணின புருஷனுக்குப் பயந்து நான் ஏன் போகணும்? வரட்டும்.”

“வந்தா இதை வெச்சு என்ன பண்ணுவ? தட்டிக் கொடுப்பியா?” கெர்ட் தொடையில் அடித்துக்கொண்டார்.

வெர்னா சுவரில் மாட்டியிருந்த குழல் துடைக்கும் பிரஷ்களில் ஒன்றை உருவி மேஜையில் போட்டாள். “இதுவும் ஒண்ணு.”

“அம்மா தாயே,” என்றார் ஆர்லோ, “இது பெரிய தோட்டா போற குழலுக்கு. உன் ரெண்டு குழல்லயும் நுழையவே நுழையாது.”

“நுழையலன்னா பாட்டில் கழுவிக்கறேன். பில் போடுங்க.”

அவள் கதவைத் தாண்டும்வரை கூடப் பொறுக்காமல் கெர்ட் வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கே மதுக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு வந்து வெர்னா அடுப்பில் ஹக்கிள்பெர்ரி பழம் வைத்த ‘பை’ பலகாரம் வைத்திருந்தபோது, வாசலில் பிக்கப் வண்டி சீறி நின்றது. அந்த வீட்டுப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவை மிதித்துக்கொண்டு டுவைட் ஏறி வந்தான். ஒரே உதையில் சமையலறைக் கதவின் கொக்கி பிய்ந்து விழுந்தது.

ரிவால்வர் மேஜை மேல் இருந்தது. அவளைவிட அவனுக்குத்தான் அது பக்கம். வெர்னா பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து, ஏப்ரனுக்குள் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். ஓடவில்லை.

பாய்ந்து எடுத்தான். உருளையில் தோட்டாக்களின் பித்தளை விளிம்பு மின்னுவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“சொன்னேன்ல? ஒரே பிடி! சாவிய வெச்சுட்டுக் கிளம்பு. கோட்டு கூட எடுக்காத.”

“கிளம்ப மாட்டேன்.”

“மூணு எண்ணுவேன்.”

“அதுக்கு மேல உனக்கு எண்ண வராதுன்னு எனக்குத் தெரியும்.”

அவன் எண்ணவே இல்லை. அவள் நெஞ்சைப் பார்த்து விசையை இழுத்தான்.

வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். கட்டை விரலால் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். அதுவும் நகரவில்லை. சட்டென்று அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது.

“இன்னிக்கும் மறந்துட்டியா! ஊரே சிரிக்குதுடி உன்னப் பார்த்து. ஒரு தகடு வெக்கத் தெரியாதவளுக்கு வீடு ஒரு கேடு!” ரிவால்வரைச் சுத்தியல் மாதிரித் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தான்.

“மறக்கல, டுவைட். நீ வருவேன்னுதான் காலைல உக்காந்து நல்லா இறுக்கினேன். ஒரே பிடியில பிடுங்குவேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சியே, நீ பிடுங்கறதுக்குன்னு ஒண்ணு வேணாமா?”

வெர்னா ஏப்ரனுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். அவன் வைத்த கால் அப்படியே நின்றது.

“அது என் முதல் ரிவால்வர். இது ரெண்டாவது.”