வேனில் ஏறியவர்கள்

"ஊருக்கு ஒலிபெருக்கி, உன்ட ஊட்டாக்களுக்கு மட்டும் வேனா?"

தோணிக்காரர் பதியுதீன் தெருவில் நின்று சத்தம் போட்டார்.

சாய்ந்தமருது கடற்கரைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அஹ்ஸனின் உம்மா வீட்டு வாசலில் ஒரு வேன். அவனுடைய மனைவி றிபா கைக்குழந்தையோடு ஏறினாள். பின்னால் உம்மா. உடுப்புப் பைகளை அஹ்ஸனே தூக்கி வைத்தான்.

அஹ்ஸன் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தன். இதே தெருவில் பிறந்தவன். புயல் வருகிறது, கடல் ஊருக்குள் ஏறும், பாடசாலைக்குப் போங்கள் என்று நேற்றிலிருந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

ஒருத்தரும் அசையவில்லை. போன வருசமும் இப்படிச் சொல்லித்தான் பாயும் தலையணையுமாகப் போய்க் கிடந்தார்கள்; ஒரு ஓலைகூட விழவில்லை. "தோணிய உட்டுட்டு எங்க போற?" என்று பதியுதீனும் இருந்துவிட்டார்.

"முதல்ல தன்ட குடும்பத்தக் காப்பாத்துறான். இவனெல்லாம் ஒரு ஒபிசர்!"

அஹ்ஸன் வேன் கதவை இழுத்துச் சாத்தினான். வேன் போய்விட்டது.

பதியுதீன் திரும்பிப் பார்த்தால், மனைவி சபூறா உடுப்புகளை அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்றாய்?"

"பொண்டாட்டி புள்ளையையே அனுப்புறான் எண்டா விசயம் மெய்தான். வெளிக்கிடுங்க!"

பக்கத்து வீட்டுக் கதவும் பூட்டப்பட்டது. பிறகு எதிர் வீடு. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தெரு காலியாகிவிட்டது.

பொழுதுபட்ட பிறகு கடல் ஏறியது. பதியுதீனின் வீட்டுச் சுவர் சரிந்தது. தோணி போன இடம் தெரியவில்லை. அல்லாஹ்வின் காவல், ஆட்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் பாடசாலையில் எல்லோருக்கும் றிபா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். உயிர் தப்பியும் பதியுதீனுக்கு ஆறவில்லை.

"உன்ட மாப்பிள்ள கெட்டிக்காரன், மகள். முதல்ல உங்களத்தானே ஏத்தினான்?"

"ஓம், மாமா."

"கடலடியில இரிக்கிற நாங்களெல்லாம் பிறகு, என்ன?"

றிபா தேத்தண்ணிக் கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

"நாங்க கடலடியில இல்லையே, மாமா. என்ட ஊடு வரிப்பத்தான்சேனையில. அங்க வயல்தான். நேத்துக் காலையிலதான் அவர் எங்கள இங்க மாமி ஊட்டுக்குக் கூட்டி வந்தார்."

பதியுதீன் திடுக்கிட்டார்.

"புயல் வாற நாளில, பச்சப் புள்ளையோட, கடலடிக்கா? அவனுக்கென்ன பைத்தியமா?"

"நானும் அதத்தான் கேட்டன், மாமா. 'நான் சொல்றத ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. என்ட புள்ள வேனில ஏறுறதக் கண்டாலாவது வெளிக்கிடுவாங்க' எண்டார்."