மேம்பாலத்துக் கட்டை

கையால் சுழற்றி ஓட்டும் வண்டியில் பிலோமினா மேம்பாலம் ஏறும்போதெல்லாம், புருஷன் சவரிமுத்து ஒரு மரக்கட்டையோடு பின்னாலேயே நடந்து வருவான். லாரியில் கிளீனராக இருந்தவன். அவள் கை சோர்ந்து நிற்கிற இடத்தில் வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பான். ஒரு ஏற்றத்துக்கு மூன்று தடவையாவது கொடுக்க வேண்டியிருந்தது. அவள் பேர் கொடுத்திருந்த மாரத்தானிலும் இதே பாலம்தான். ஆனால் கூட வர யாருக்கும் அனுமதியில்லை. பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கையில் அவள் சொன்னாள்.

"கட்டைய எடுத்துட்டு உச்சிக்குப் போயிருங்க."

"நடுவுல நின்னுட்டா?"

"போங்கன்னா போங்க."

பாதி மேட்டில் தோள் இற்றுப்போனது. பைக்கில் வந்த ஒருவர் இறங்கி, "தள்ளி விடட்டுமாம்மா?" என்று வண்டியின் பின்னால் கை வைத்தார்.

"கைய எடுங்க சார்."

எடுத்ததும் வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். உச்சியிலிருந்து சவரிமுத்து கட்டையும் கையுமாக ஓடி வந்தான்.

"அங்கயே நில்லுங்க."

நின்றான்.

"அத கீழ போட்டு, அதுமேல உக்காருங்க."

அவன் உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிரேக்கை விட்டாள்.