மாமனாரின் வலி

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டோடு வந்து குடியேறிய மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால், “இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்று நர்ஸ் சொன்னாலே போதும், “ஐயோ, குத்துதே!” என்று சுருண்டுகொள்வார். டாக்டர் சோதித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். வெல்டர் வேலை பார்க்கும் மருமகன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன மாமா, எங்கதான் வலிக்குது?”

“அதை விடுங்க மாப்ள. வெயில்லயும் நெருப்புலயும் வெந்து சம்பாதிக்கிறீங்க. அதுல கால்வாசியை வரின்னு பிடிச்சுக்கிறானே, மனசு ஆறலை. எங்க நாட்டுல வெல்டர்கிட்ட பைசா பிடிக்க மாட்டான்.”

“இப்ப அதுவா முக்கியம்? இருங்க, பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொல்றேன்.”

“வேண்டாம்!” விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார் மாமனார். குத்தல் போன இடம் தெரியவில்லை. மருமகனின் காதருகே குனிந்தார்.

“பில்லுக்குப் பணம் புரட்டிட்டீங்களா? அங்க எங்க ஊர்ல என் தம்பியை, பணம் கட்டுற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட விடலை. அதான், உங்க கைக்குப் பணம் வர்ற வரைக்கும் வலிச்சுக்கிட்டு இருக்கலாம்னு…”

மருமகனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“பில்லே கிடையாது மாமா. அந்தக் கால்வாசியிலதான் உங்க ஆபரேஷனே நடந்தது.”

மாமனார் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“இத்தனை பேருக்குமா?”

“இத்தனை பேருக்கும்தான்.”

அவர் குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“கிளம்புங்க மாப்ள, சீக்கிரம். நிஜமாவே வலிக்கிறவன் எவனாவது இந்தக் கட்டிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பான்.”