தபால்காரர் கொண்டுவந்த டிஸ்க்

"டிஸ்க் இங்க வரும்போதே செத்துப்போயிருந்துச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

"எனக்குத் தெரியுமே" என்றாள் தங்கை.

இருவரும் சேர்ந்து நடத்தும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அது. வெளியே அலைந்து வேலை பிடித்து வருவது அண்ணன். ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது அவள். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தப்பு அவள் கையால் நடந்ததில்லை.

நேற்றுக் காலையில் தபால்காரர் வந்திருந்தார். அந்தத் தெருவுக்கு முப்பது வருடமாகத் தபால் கொடுப்பவர். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை என்று பெயர். சிபியுவை மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். கூடவே ஒரு புது ஹார்ட் டிஸ்க்.

"புதுசுல விண்டோஸ் ஓ.எஸ். போட்டுக் குடும்மா. பழசு ஆமை மாதிரி ஓடுது. ஆனா பழசும் உள்ளேயே இருக்கட்டும். அதுல என் சம்சாரம் பேசினது இருக்கு."

"வீடியோவா சார்?"

"வெறும் குரல்தான். ஆஸ்பத்திரியில கிடந்த ஆறு மாசமும் எங்க பொண்ணுக்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா பேசிப் பதிஞ்சா. அவ போய் ஒரு வருஷம் ஆச்சு. கேக்க மனசு வரலைன்னு பொண்ணு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தா. இப்பதான் ஞாயித்துக்கிழமை உக்காந்து கேக்கறேன்னு சொல்லியிருக்கா."

"அப்ப முதல்ல அதை வேற எதுலயாவது காப்பி எடுத்து வெச்சிடறேன் சார்."

"வேண்டாம்மா!" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "என் பொண்ணுக்கு முன்னாடி வேற யாரும் அதைத் திறக்கக் கூடாது."

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஓ.எஸ். போடும்போது பழசு அழிஞ்சுபோக வாய்ப்பு இருக்கா?"

"பழசைக் கழட்டி வெச்சிட்டுத்தான் புதுசுல போடுவேன். தைரியமா போங்க சார்."

ஆனால் கழற்றவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், போன் வேறு அடித்தது. திரையில் இரண்டு டிஸ்க்கும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. இரண்டும் ஒரே அளவு. ஒரு வரியைத் தட்டிவிட்டாள். எல்லாம் முடிந்து பெட்டியை மூடப்போகும்போதுதான் கவனித்தாள், ஓ.எஸ். ஏறியிருந்தது பழைய டிஸ்க்கில்.

இன்று காலை முழுக்கத் தனக்குத் தெரிந்த வழியெல்லாம் தேடிப் பார்த்தாள். எதுவும் திரும்பி வரவில்லை.

"அவ்வளவு பதிவு இருக்கிற டிஸ்க்குக்கும் காலி டிஸ்க்குக்குமா உனக்கு வித்தியாசம் தெரியலை? கண்ணை எங்க வெச்சிருந்தே?" என்று அண்ணன் கேட்டான்.

"அதான் எனக்கும் புரியலை. என் கண்ணை நானே நம்ப முடியலைண்ணா."

வாசலில் சைக்கிள் நின்றது. தபால்காரர் இறங்கினார். பின்னால் அவர் மகள், கையில் அப்போதுதான் வாங்கிய ஹெட்போன்.

"முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள் சிரித்தபடி.

அண்ணன் தொண்டையைச் செருமினான். தங்கை அவனை முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடும்மா. அவசரத்துல பழைய டிஸ்க்குல ஓ.எஸ். போட்டுட்டேன். உங்கம்மா பேசினது எல்லாம் போயிடுச்சு. டிஸ்க் மேல குத்தம் இல்லை. என் மேலதான்."

சிரிப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, என்ன சொன்னார்கள் என்று புரியாததுபோல. பிறகு கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூடக் கேக்கலையே நான்..." என்று உடைந்தாள்.

தபால்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். "விடும்மா. வேணும்னே பண்ணியிருப்பாங்களா? கை தவறுறது யாருக்கும் உள்ளதுதான்."

"நீங்க சும்மா இருங்கப்பா! உங்களால எப்படி இவ்வளவு சாதாரணமா சொல்ல முடியுது?" மகள், தங்கை பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப உங்களுக்குப் புரியாது."

தங்கை தன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அண்ணனின் சட்டைப் பையில் செருகினாள்.

"நாளையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்கண்ணா. இனிமே என் கையால யார் டிஸ்க்கையும் தொட மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இதை விட்டா வேற என்ன தெரியும் நமக்கு?"

அவள் காதில் வாங்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"நில்லும்மா!"

தபால்காரர் குறுக்கே வந்து நின்றிருந்தார். பேசியது அவளிடம் இல்லை, மகளிடம்.

"இவங்க மேல எந்தத் தப்பும் இல்லைம்மா. போன வாரம் நானே ஓ.எஸ். போடறேன்னு உக்காந்து, புதுசுன்னு நினைச்சு, உங்கம்மா பேசின டிஸ்க்கை நாலு மணி நேரம் ஓடவிட்டு முழுசாத் துடைச்சிட்டேன். அதை உன்கிட்ட சொல்லத் தைரியம் இல்லாம, பழி வேற யார் மேலயாவது விழட்டும்னுதான் இங்க கொண்டாந்து குடுத்தேன்."