டிக்கி விளக்கு

"போன மாசம்தானே புது பேட்டரி போட்டீங்க? இன்னைக்கும் காலையில செத்துக் கிடந்துச்சே, தள்ளித்தானே கிளப்பினோம்!"

அவள் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பேருந்து எட்டிப்பார்க்காத ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வண்டி கிளம்பாமல் இரண்டு தடவை அவகாசம் கேட்டாயிற்று. நாளைதான் சேரக் கடைசி நாள்.

"பழைய பேட்டரிக்குப் புதுச்சட்டை போட்டு உன் தலையில கட்டிட்டான்" என்று காதோரம் முணுமுணுத்தான் கணவன். "அவன் முழியே சரியில்லைன்னு அன்னைக்கே சொன்னேன்." போன் அடிக்கவே, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

எலெக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தார். "இன்ஜின் ஓடறப்ப பதினாலு வோல்ட். சார்ஜ் நல்லாத்தான் ஏறுது. வண்டி நிக்கறப்ப ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிக்குது."

"எது, பேயா?"

"டிக்கி விளக்கா இருக்கலாம்மா. மூடினா அணையணும். சில வண்டியில அணையாது."

"அதை எப்படிப் பார்ப்பீங்க? உள்ள போய்ப் படுத்துக்குவீங்களா?"

"என் தொப்பைக்கு டிக்கி பத்தாது. உங்க போன்ல வீடியோவை ஓடவிட்டு உள்ள வைங்க. அப்புறம் எடுத்துப் பார்க்கலாம்."

வைத்து மூடினாள். ஆனால் நகரவில்லை.

"நீங்க முன்னறையில உட்காருங்கம்மா. பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

ஓடாதா? ஏதோ திருட்டு வேலை! முன்னறைக் கண்ணாடி வழியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

கணவன் திரும்பி வந்து எலெக்ட்ரீஷியனிடம் ஏதோ கிசுகிசுத்தான். தனக்காகத்தான் மல்லுக்கட்டுகிறான் என்று அவள் நெகிழ்ந்தபோதே, அவர் அவன் தோளில் கைபோட்டு டிக்கி பக்கம் நடத்திப் போனார். 'என் புருஷனையும் மயக்கப் பார்க்கிறானே இந்த எலெக்ட்ரீஷியன்!' பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

டிக்கியைத் திறந்து போனை எடுத்து வீடியோவை ஓட்டினாள். மூடி இறங்கியதும் திரை கும்மிருட்டு.

"விளக்கு அணைஞ்சுடுச்சே! அப்போ கோளாறு உங்க பேட்டரியிலதான்!"

"போன் எதுக்கு டிக்கிக்குள்ள போச்சு?" என்றான் கணவன்.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார் எலெக்ட்ரீஷியன். "கொஞ்சம் ஓட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டுங்க."

இருட்டிலிருந்து முதலில் வந்தது அவர் குரல்: "காது மந்தம் சார். இப்படி டிக்கி பக்கம் வந்து, சொன்னதையே இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க."

அடுத்தது கணவனின் குரல்: "ராத்திரியெல்லாம் வண்டி லைட்டைப் போட்டுவச்சு, விடியறதுக்குள்ள அணைக்கிறது நான்தான்யா. எதையாவது கண்டுபிடிச்சுத் தொலைச்சுடாதே. நாளைக்கு அவ வேலையில போய்ச் சேர்ந்துடக் கூடாது!"